கால் தமனிகளுக்கான செயற்கை ஒட்டுகளின் பிற்காலச் சிக்கல்கள்

கால் தமனிகளுக்கான செயற்கை ஒட்டுகளின் பிற்காலச் சிக்கல்கள் என்பன, அடைபட்ட கால் தமனிகளைச் சுற்றிக் குருதியைக் கொண்டுசெல்வதற்காகப் பொருத்தப்படும் செயற்கைக் குழாய்களில், அறுவை முடிந்து மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னர் தோன்றும் கோளாறுகள் ஆகும். ஒட்டு அடைபடுதல், ஒட்டில் தொற்று ஏற்படுதல், இணைப்பிடத்தில் பொய்த் தமனிவீக்கம் உண்டாதல், ஒட்டின் பொருள் தளர்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. அறுவைக்குப் பின் முதல் 30 நாட்களுக்குள் ஏற்படும் சிக்கல்கள் பெரும்பாலும் அறுவையின் நுட்பக் குறைகளால் விளைகின்றன. பிற்காலச் சிக்கல்களோ உடலின் திசுக்களும் செயற்கைப் பொருளும் நீண்டகாலம் ஒன்றோடொன்று உறவாடுவதன் விளைவுகளாகும். இவை உரிய காலத்தில் கண்டறியப்படாவிடில் காலை இழக்க நேரிடலாம். சில சிக்கல்கள் உயிருக்கும் ஆபத்தானவை.

பின்னணி

புகைபிடித்தல், நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், மிகை கொழுப்பு ஆகியவற்றால் கால்களுக்குச் செல்லும் தமனிகளில் தமனிக்கூழ்மைத் தடிப்பு ஏற்படுகிறது. குருதியோட்டம் குறையும்போது முதலில் நடக்கையில் கெண்டைக்காலில் நோவு உண்டாகும். நோய் முற்றினால் ஓய்விலும் நோவு, ஆறாத புண், தசையழுகல் ஆகியவை தோன்றும். இந்நிலையில் குருதியோட்டத்தை மீட்கச் செய்யப்படும் அறுவைகளுள் ஒன்று, பைபாஸ் எனப் பரவலாக அறியப்படும் மாற்றுவழி அறுவை ஆகும். இதில் அடைப்புக்கு மேலுள்ள நல்ல தமனியையும் கீழுள்ள நல்ல தமனியையும் ஒரு குழாய் கொண்டு இணைப்பர்.

இக்குழாயாக நோயாளியின் சொந்தச் சிரையைப் பயன்படுத்துவதே சிறந்தது. காலின் உட்புறத்தில் தோலுக்கு அடியில் ஓடும் பெரிய சஃபீனஸ் சிரை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. சில நோயாளிகளில் இச்சிரை ஏற்கனவே இதய அறுவைக்காக எடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலரில் அது மிகச் சிறியதாகவோ, சுருண்டு வீங்கியதாகவோ இருக்கும். அத்தகையோருக்குச் செயற்கை ஒட்டு தேவைப்படுகிறது. வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து இரு தொடைத் தமனிகளுக்கும் செல்லும் அகன்ற குழாய்களுக்குச் செயற்கை ஒட்டே வழக்கமான தெரிவாக உள்ளது.

வரலாறு

குருதிக்குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் காரெல் 1912 இல் நோபல் பரிசு பெற்றார். 1948 இல் பாரிசில் ழான் குன்லின், நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டு தொடைத் தமனிக்கு மாற்றுவழி அமைத்தார்.

செயற்கை ஒட்டின் தொடக்கம் ஒரு தற்செயல் நிகழ்வில் உள்ளது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆர்தர் வூரீசு, ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட ஒரு நாயின் இதயத்துள் தவறுதலாக விடப்பட்ட பட்டு இழையின்மேல் பளபளப்பான மெல்லிய படலம் மூடியிருப்பதைக் கண்டார். துணியாலான குழாயினுள்ளும் இத்தகைய படலம் வளரக்கூடும் என்று கருதிய அவர், வின்யான்-என் என்னும் செயற்கைத் துணியால் செய்த குழாய்களை நாய்களின் பெருந்தமனியில் பொருத்தி, 1952 இல் தம் முடிவுகளை வெளியிட்டார்.

1950களில் ஊசுடன் நகரில் மைக்கேல் டிபேக்கி, டாக்ரான் துணியைத் தையல் இயந்திரத்தில் தைத்துக் குழாய்களை உருவாக்கினார். அவர் கடையில் நைலான் கேட்டதாகவும், அது இல்லாததால் டாக்ரானை வாங்கி வந்ததாகவும் கூறப்படுகிறது. நைலான் உடலினுள் விரைவில் வலிமை இழப்பது பின்னர் அறியப்பட்டது. டாக்ரானோ பல ஆண்டுகள் தாங்கியது. 1969 இல் ராபர்ட் கோர் டெஃப்லான் வகைப் பொருளை விரைவாக இழுத்து நுண்துளைகள் கொண்ட விரிந்த வடிவமாக மாற்றும் முறையைக் கண்டறிந்தார். 1970களின் நடுப்பகுதியில் இப்பொருளாலான குழாய்கள் கால் அறுவைகளில் பயன்பாட்டுக்கு வந்தன.

செயற்கை ஒட்டுகளின் வகைகள்

இன்று பயன்பாட்டிலுள்ள செயற்கை ஒட்டுகள் பெரும்பாலும் இரு வகையின.

டாக்ரான் ஒட்டு: இது பாலியெசுட்டர் இழைகளால் நெய்யப்பட்டது அல்லது பின்னப்பட்டது. நெய்யப்பட்ட ஒட்டு இறுக்கமானது; குருதிக் கசிவு குறைவு. பின்னப்பட்ட ஒட்டு மென்மையானது, தைப்பதற்கு எளிது. ஆனால் காலப்போக்கில் விரிவடையும் இயல்புடையது. கசிவைத் தடுக்க இவற்றின்மீது கொலாசன், ஜெலட்டின் போன்ற புரதங்கள் பூசப்படுகின்றன.

விரிந்த டெஃப்லான் ஒட்டு: இது நெய்யப்படாத குழாய். இதன் சுவர் கணுக்களாலும் அவற்றை இணைக்கும் நுண்ணிழைகளாலும் ஆனது. வழக்கமான ஒட்டுகளில் கணுக்களுக்கு இடையிலான தொலைவு சுமார் 30 மைக்ரோமீட்டர் ஆகும். முழங்கால் மடங்கும்போது நசுங்காதிருக்க வெளிப்புறத்தில் வளையங்கள் பொருத்தப்பட்ட வகைகளும் உள்ளன. தொடையிலிருந்து முழங்கால் வரையான அறுவைகளில் பொதுவாக 6 முதல் 8 மி.மீ. விட்டமுள்ள குழாய்கள் பயன்படுகின்றன.

உடல் ஒட்டினை ஏற்கும் விதம்

இயல்பான தமனியின் உட்புறம் அகவணி உயிரணுக்களால் ஆன ஒரு படையால் மூடப்பட்டுள்ளது. இப்படை குருதி உறையாதவாறு காக்கும் வேதிப்பொருட்களைச் சுரக்கிறது. செயற்கை ஒட்டில் இப்படை இல்லை. ஒட்டில் குருதி பாயத் தொடங்கியதும் அதன் உட்பரப்பில் குருதிப் புரதங்களும், பின்னர் குருதிச் சிறுதட்டுகளும் படிகின்றன. நாளடைவில் இது ஒரு நார்ப்படலமாக மாறுகிறது.

நாய் முதலிய விலங்குகளில் அகவணி உயிரணுக்கள் ஒட்டின் உட்புறத்தில் வெகுதூரம் வளர்கின்றன. மனிதரில் இவை இணைப்பிடத்திலிருந்து ஓரிரு சென்டிமீட்டர் தொலைவுக்கே வளர்கின்றன. ஒட்டின் நடுப்பகுதி பல ஆண்டுகள் சென்ற பின்னரும் உயிரணுப் படையின்றியே இருக்கிறது. விலங்காய்வுகள் தந்த நம்பிக்கைக்கும் மனிதரில் கிடைத்த பலனுக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு இது ஒரு முதன்மைக் காரணம் ஆகும். பெரிய குழாய்களில் குருதி விரைவாகவும் மிகுதியாகவும் பாய்வதால் இக்குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. விட்டம் 6 மி.மீ.க்குக் குறையும்போதும், குருதியோட்டம் மெதுவாகும்போதும் இதுவே ஒட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

ஒட்டு அடைபடுதல்

பிற்காலச் சிக்கல்களுள் மிகப் பரவலானது அடைபடுதலே ஆகும். காலத்தைப் பொறுத்து இதன் காரணங்கள் மாறுகின்றன.

ஒரு மாதம் முதல் இரண்டு ஆண்டுகள் வரையான காலத்தில் உட்படல மிகைவளர்ச்சி முதன்மைக் காரணமாக உள்ளது. தமனியும் ஒட்டும் இணையும் இடத்தில் மழமழப்பான தசை உயிரணுக்கள் பெருகி, தமக்கிடையே நார்ப்பொருளைச் சுரந்து, பாதையைக் குறுக்குகின்றன. குருதி சென்று சேரும் கீழ் இணைப்பில் இது மிகுதி. தமனியின் சுவர் ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் விரிந்து சுருங்கும். செயற்கைக் குழாயோ விறைப்பானது. இவ்விரண்டும் சேருமிடத்தில் தோன்றும் இழுவிசையும், குருதியோட்டத்தில் உண்டாகும் சுழல்களும் இவ்வளர்ச்சியைத் தூண்டுகின்றன.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர், அடிப்படை நோயான தமனிக்கூழ்மைத் தடிப்பு முன்னேறுவது பெருங்காரணமாகிறது. ஒட்டுக்கு மேலுள்ள தமனியோ கீழுள்ள தமனியோ சுருங்கும்போது ஒட்டினுள் ஓட்டம் மெதுவாகி, குருதி உறைகிறது. புகைபிடித்தலைத் தொடர்வோரிடம் இந்நிலை மிகுதியாகக் காணப்படுகிறது.

சிரை ஒட்டுக்கும் செயற்கை ஒட்டுக்கும் இடையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சிரை ஒட்டு பெரும்பாலும் படிப்படியாகக் குறுகுகிறது. செயற்கை ஒட்டு பல வேளைகளில் முன்னறிவிப்பின்றித் திடீரென அடைபடுகிறது. அப்போது உறைகட்டி ஒட்டின் முழுநீளத்தையும் நிரப்புவதோடு, கீழுள்ள தமனிகளுக்கும் பரவக்கூடும். இதனால் சில நோயாளிகளின் கால் அறுவைக்கு முன்னிருந்த நிலையைவிட மோசமான நிலையை அடைகிறது. நடைநோவுக்காக மட்டும் அறுவை செய்துகொண்ட ஒருவர் காலையே இழக்கும் அபாயத்துக்கு உள்ளாவதும் உண்டு. நடைநோவு மட்டும் உள்ளவர்களுக்குச் செயற்கை ஒட்டைப் பரிந்துரைப்பதில் மருத்துவர்கள் தயக்கம் காட்டுவது இதனாலேயே.

ஒட்டின் இடம் அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானிக்கிறது. வயிற்றுப் பெருந்தமனியிலிருந்து தொடைத் தமனிகளுக்குச் செல்லும் ஒட்டுகளில் சுமார் 85 முதல் 90 விழுக்காடு ஐந்து ஆண்டுகளின் முடிவிலும் திறந்திருக்கின்றன. கீழே செல்லச் செல்ல நிலைமை மாறுகிறது. 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில் நான்கு ஆண்டு முடிவில் திறந்திருந்த ஒட்டுகளின் விழுக்காடு பின்வருமாறு இருந்தது:

முழங்காற்குழித் தமனிக்கு: சிரை ஒட்டு 68, டெஃப்லான் ஒட்டு 47.
முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகளுக்கு: சிரை ஒட்டு 49, டெஃப்லான் ஒட்டு 12.

இவ்வெண்கள் பழையவை எனினும், முழங்காலுக்குக் கீழே இயன்றவரை சிரையையே பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை இன்றும் மாறவில்லை.

ஒட்டில் தொற்று

தொற்று அடைபடுதலைவிட அரிதானது; ஆனால் அதைவிடக் கொடியது. ஒட்டின் இடத்தைப் பொறுத்து, பொதுவாக 1 முதல் 6 விழுக்காடு வரையான ஒட்டுகளில் இது ஏற்படுகிறது. தொடையிடுக்கில் அமைந்த இணைப்புகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றன. அவ்விடம் வியர்வைக்கும் நுண்ணுயிர்களுக்கும் உறைவிடமாக இருப்பதும், அங்குள்ள நிணநீர்க் குழாய்கள் அறுவையின்போது வெட்டுப்படுவதும் இதற்குக் காரணங்களாகும்.

விரைவில் தோன்றும் தொற்றுக்குப் பெரும்பாலும் தங்கநிறத் தேபிலோகாக்கசு என்னும் பாக்டீரியா காரணமாகிறது. காய்ச்சல், சீழ், சிவந்து வீங்கிய காயம் ஆகியவற்றால் இது எளிதில் புலப்படும். மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் தோன்றும் தொற்றுக்குத் தோலில் இயல்பாக வாழும் வீரியம் குறைந்த தேபிலோகாக்கசு வகைகள் பெரும்பாலும் காரணமாகின்றன. இவை ஒட்டின்மீது வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்றை அமைத்து அதனுள் வாழ்கின்றன. நுண்ணுயிர் எதிர்ப்பிகளும் உடலின் வெள்ளணுக்களும் இப்படலத்தினுள் எளிதில் செல்வதில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாமலிருக்கலாம். குருதிச் சோதனைகளும் இயல்பாக இருக்கலாம். தோலில் சிறு துளை ஒன்று தோன்றி நீர் கசிவதே முதல் அறிகுறியாக அமையக்கூடும்.

தொற்றின் ஆழத்தைக் குறிக்க 1972 இல் சிலாகி வெளியிட்ட வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. இதன்படி முதல் நிலையில் தோல் மட்டும் பாதிக்கப்படுகிறது. இரண்டாம் நிலையில் தொற்று தோலடித் திசுவை எட்டுகிறது. மூன்றாம் நிலையில் ஒட்டையே எட்டுகிறது. மூன்றாம் நிலைத் தொற்றில் இணைப்பிடத்தின் தமனிச்சுவர் அரிக்கப்பட்டு, திடீரெனப் பெருங்குருதிப்போக்கு ஏற்படலாம்.

வயிற்றினுள் அமைந்த ஒட்டுகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. ஒட்டின் இணைப்பு அதன்மேல் படிந்துள்ள முன்சிறுகுடலை அரித்து, குடலுக்கும் தமனிக்கும் இடையே துளை உண்டாகலாம். இதில் முதலில் சிறிதளவு குருதி வாந்தியாகவோ கருமலமாகவோ வெளிப்பட்டு நின்றுவிடும். சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பெருங்குருதிப்போக்கு ஏற்படும். ஆகவே வயிற்றுப் பெருந்தமனி ஒட்டு பொருத்தப்பட்ட ஒருவர் குருதி வாந்தி எடுத்தால், அறுவை எத்தனை ஆண்டுகளுக்கு முன் நடந்திருந்தாலும், வேறு காரணம் நிறுவப்படும்வரை இதனையே ஐயுற வேண்டும்.

இணைப்பிடப் பொய்த் தமனிவீக்கம்

செயற்கை ஒட்டும் தமனியும் ஒருபோதும் ஒன்றாக வளர்ந்து சேர்வதில்லை. அவற்றை ஆயுள் முழுதும் தையல் இழையே பிடித்து வைத்திருக்கிறது. தையல் தளர்ந்தாலோ, தமனிச்சுவர் கிழிந்தாலோ, குருதி வெளியே கசிந்து சூழ்ந்துள்ள நார்த்திசுவினுள் ஒரு பையாகத் தேங்குகிறது. இப்பையின் சுவரில் தமனியின் படைகள் இல்லாமையால் இது பொய்த் தமனிவீக்கம் எனப்படுகிறது.

தொடக்க காலத்தில் பயன்பட்ட பட்டு இழை சில ஆண்டுகளில் வலிமை இழந்ததால் இச்சிக்கல் மிகுதியாக இருந்தது. பாலிப்ரோப்பிலீன் போன்ற கரையாத செயற்கை இழைகள் வந்த பின்னர் குறைந்தது. இன்று தமனிச்சுவரின் நலிவு, இணைப்பின்மீதான இழுவிசை, மறைவான தொற்று ஆகியவை முக்கிய காரணங்களாகும். தொடையிடுக்கில் நாடியோடு சேர்ந்து துடிக்கும் கட்டியாக இது வெளிப்படுகிறது. பெரும்பாலும் அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்தே தோன்றுகிறது. இது வெடிக்கலாம், இதனுள் உறையும் குருதி துணுக்குகளாகக் காலுக்குச் செல்லலாம், அருகிலுள்ள நரம்பையோ சிரையையோ அழுத்தலாம். சுமார் 2 செ.மீ.க்கு மேற்பட்டவற்றுக்கு அறுவை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

பிற சிக்கல்கள்

ஒட்டு விரிவடைதல்: பின்னப்பட்ட டாக்ரான் ஒட்டுகள் பொருத்தப்பட்ட பின்னர் ஓரளவு விரிவடைவது இயல்பு. நெடுங்காலம் கழித்து இழைகள் நைந்து, ஒட்டின் சுவரிலேயே துளையோ வீக்கமோ உண்டாவது அரிதாகக் காணப்படுகிறது.

ஊனீர்த் தேக்கம்: ஒட்டின் சுவர் வழியே குருதியின் நீர்ப்பகுதி கசிந்து ஒட்டைச் சூழ்ந்து தேங்கலாம். இது தொற்று அல்ல. ஆனால் தொற்றுப் போலத் தோற்றமளிக்கும். ஊசியால் உறிஞ்சி எடுப்பது கிருமிகளை உள்ளே புகுத்தும் அபாயம் உடையதாகையால் தேவையின்றிச் செய்யப்படுவதில்லை.

அக்குள் இணைப்பு கிழிதல்: அக்குள் தமனியிலிருந்து தொடைத் தமனிக்குத் தோலின் அடியில் கொண்டுசெல்லப்படும் நீண்ட ஒட்டுகளில், கையை வேகமாக உயர்த்தும்போது மேல் இணைப்பு இழுபட்டுக் கிழியக்கூடும்.

நோயறிதல்

நோயாளியின் கூற்றும் மருத்துவரின் கைகளுமே முதற்கருவிகள். நாடித்துடிப்பைத் தொட்டறிதல், கணுக்காலின் குருதி அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுதல் ஆகியவை எளிய முறைகள். இவ்விரண்டின் விகிதம் முன்னைய அளவைவிட 0.15க்கு மேல் குறைந்தால் ஒட்டில் குறை இருப்பதாக ஐயுறப்படுகிறது.

டாப்ளர் மீயொலிச் சோதனை குறுக்கங்களையும் பொய்த் தமனிவீக்கத்தையும் காட்டும். எனினும் செயற்கை ஒட்டு முன்னறிவிப்பின்றி அடைபடும் இயல்புடையதால், தொடர் மீயொலிக் கண்காணிப்பின் பயன் சிரை ஒட்டுகளில் உள்ள அளவுக்கு இவற்றில் இல்லை. தொற்றினை ஐயுறும்போது சி.டி. வருடல் செய்யப்படுகிறது. ஒட்டைச் சூழ்ந்த நீர்மமோ வளிக்குமிழ்களோ பல மாதங்கள் கழித்தும் காணப்படுவது தொற்றைச் சுட்டும். கதிரியக்கக் குளுக்கோசைப் பயன்படுத்தும் பெட் வருடலும் உதவுகிறது.

சிகிச்சை

திடீரென அடைபட்ட ஒட்டுக்கு உடனடிச் சிகிச்சை தேவை. காலின் உணர்வும் அசைவும் குன்றியிருந்தால் சில மணி நேரங்களுக்குள் குருதியோட்டத்தை மீட்க வேண்டும். தாமஸ் ஃபோகார்ட்டி 1963 இல் அறிமுகப்படுத்திய பலூன் குழாயால் உறைகட்டியை இழுத்தெடுக்கலாம். அடைப்பு ஏற்பட்டு 14 நாட்களுக்கு உட்பட்டிருந்து, கால் உடனடி ஆபத்தில் இல்லையெனில், உறைகட்டியைக் கரைக்கும் மருந்தை மெல்லிய குழாய் வழியே நேரடியாகச் செலுத்தலாம். உறைகட்டியை அகற்றுவது மட்டும் போதாது. அடைப்புக்குக் காரணமான குறுக்கத்தையும் சீர்செய்யாவிடில் ஒட்டு மீண்டும் அடைபடும்.

தொற்றுக்குள்ளான ஒட்டை முழுவதுமாக அகற்றிவிட்டு, தொற்றில்லாத வழியாகப் புதிய குழாய் அமைப்பதே நிறுவப்பட்ட முறை. புதிய குழாயாக நோயாளியின் சொந்தச் சிரை, உறைநிலையில் பேணப்பட்ட கொடையாளர் தமனி, ரிஃபாம்பிசின் மருந்தில் ஊறவைத்த டாக்ரான் ஆகியவை பயன்படுகின்றன. இது பெரிய அறுவை. நலிவுற்ற நோயாளிகளில் ஒட்டை அகற்றாமல் காயத்தைத் துப்புரவு செய்து, தசையால் மூடி, நெடுங்காலம் நுண்ணுயிர் எதிர்ப்பிகள் கொடுக்கும் முறையும் கையாளப்படுகிறது. இவற்றுள் எதைத் தெரிவது என்பது காலைக் காப்பதற்கும் உயிரைக் காப்பதற்கும் இடையிலான தெரிவாகவே சில வேளைகளில் அமைந்துவிடுகிறது.

தடுப்பு முறைகள்

கீழ் இணைப்பில் செயற்கை ஒட்டுக்கும் தமனிக்கும் இடையே ஒரு சிறு சிரைத்துண்டை வைத்துத் தைப்பது உட்படல மிகைவளர்ச்சியின் தாக்கத்தைக் குறைக்கும். மில்லர் பட்டை, டெய்லர் ஒட்டுத்துண்டு ஆகியவை இவ்வகையின. உட்பரப்பில் எப்பாரின் பிணைக்கப்பட்ட டெஃப்லான் ஒட்டுகளும் பயன்பாட்டில் உள்ளன.

மருந்துகளைப் பொறுத்தவரை, 2,690 நோயாளிகளைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2000 இல் வெளியான ஆய்வு, செயற்கை ஒட்டுகளுக்கு ஆசுப்பிரினும் சிரை ஒட்டுகளுக்குக் குருதியுறைவு எதிர்ப்பிகளும் கூடுதல் பயனளிப்பதாகக் காட்டியது. 2010 இல் வெளியான மற்றோர் ஆய்வில் ஆசுப்பிரினோடு குளோப்பிடோகிரெல் சேர்ப்பதால் ஒட்டுமொத்தமாகப் பயன் காணப்படவில்லை; செயற்கை ஒட்டு பெற்ற பிரிவினரில் மட்டும் பயன் தென்பட்டது. கால் தமனிச் சிகிச்சை பெற்ற 6,564 பேரைக் கொண்டு 2020 இல் வெளியான ஆய்வு, ஆசுப்பிரினோடு குறைந்த அளவு ரிவரோக்சபான் சேர்ப்பது திடீர்க் குருதியோட்டத் தடை முதலிய கேடுகளைக் குறைப்பதாகக் காட்டியது. இதனால் குருதிப்போக்கின் அபாயம் சற்று மிகுகிறது.

2022 இல் வெளியான பெரிய ஒப்பீட்டாய்வில், நல்ல சஃபீனஸ் சிரை உள்ள நோயாளிகளுக்குக் குழாய்வழிச் சிகிச்சையைவிட அறுவையே சிறந்ததாகக் காணப்பட்டது. அத்தகைய சிரை இல்லாதவர்களில் இரண்டின் பலனும் ஏறத்தாழ ஒத்திருந்தது. ஆகவே அறுவைக்கு முன்னர் மீயொலி மூலம் கால்களிலும் கைகளிலும் தகுந்த சிரை உள்ளதா எனத் தேடுவது இன்றியமையாதது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

செயற்கை ஒட்டு உடையோர் புகைபிடித்தலை முற்றிலும் கைவிடுதல், நீரிழிவைக் கட்டுக்குள் வைத்திருத்தல், மருந்துகளைத் தாமாக நிறுத்தாதிருத்தல், பாதங்களை நாள்தோறும் பார்த்து சிறு புண்ணையும் கவனித்தல் ஆகியவை தேவையானவை. பல் மருத்துவர் உட்பட எம்மருத்துவரிடம் சென்றாலும் ஒட்டு இருப்பதைத் தெரிவிக்க வேண்டும்.

கால் திடீரெனக் குளிர்ந்து வெளிறுதல் அல்லது மரத்துப்போதல், முன்பு நடந்த தொலைவை நடக்க இயலாமை, தொடையிடுக்கில் துடிக்கும் கட்டி, பழைய தழும்பில் நீர்க்கசிவு, காரணம் தெரியாத காய்ச்சல், கருமலம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாமல் மருத்துவமனையை நாட வேண்டும். ஒட்டு பொருத்திப் பத்தாண்டுகள் கடந்தாலும் இவ்விதி பொருந்தும்.

இவற்றையும் பார்க்கவும்

தமனிக்கூழ்மைத் தடிப்பு
நீரிழிவுப் பாதம்
குருதி உறைதல்
உயிர்ப்படலம்